பதினேழு வயதுப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

நாள் தள்ளிப்போன பதினேழு வயதுப் பெண் முதலில் யாரிடம் கேட்பாள்? அம்மாவிடமா? ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சிடமா? கையில் போன் இருக்கும்போது வாயைத் திறந்து யாரிடமும் கேட்க மாட்டாள். எல்லோரும் தூங்கிய பிறகு யூடியூபில் தேடுவாள். அங்கே அவளுக்குப் பப்பாளி வைத்தியமும் எள்ளுருண்டை வைத்தியமும் கிடைக்கும். "ரகசியமாக மாத்திரை அனுப்புகிறோம்" என்று ஒருவன் வாட்ஸ்அப் நம்பர் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தில் எருக்கங்குச்சி, இந்தக் காலத்தில் இது!

"இதெல்லாம் எங்கோ நடக்கிற சங்கதி" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் அப்போதே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். தமிழ்நாட்டில் 6.3 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் ஆனவர்கள். "காதலித்துக் கெட்டுப்போனவர்கள்" என்று நரம்பில்லாத நாக்கால் பேசுகிறவர்கள் இதையும் கவனிக்கவும்.

இருபதுகளின் தொடக்கத்தில் பிள்ளை பெறுகிறவர்களைவிட இந்த வயதுத் தாய்மார்களுக்குப் பேறுகால வலிப்பும் கர்ப்பப்பைத் தொற்றும் வரும் அபாயம் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறக்கும் அபாயமும் அதிகம். சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வேண்டியவள் இவள்தான். ஆனால் ஆஸ்பத்திரி என்றாலே இவளுக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே செல்லாது. விஷயம் தெரிந்த மருத்துவர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும், தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. 2017-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு தாலி கட்டியவன் என்றாலும் விலக்கு இல்லை. சிறுமிகளைச் சீரழிக்கிறவர்களை அடக்க இந்தச் சட்டம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் போலீஸ், கோர்ட் என்று மிரண்டு வீட்டிலேயே ஒளிந்துகொள்ளும் பெண்ணுக்கு மிச்சச் சட்டத்தையும் யாராவது சொன்னார்களா?

2021 திருத்தத்துக்குப் பிறகு, கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கருக்கலைப்பை அனுமதிக்கிறது. 18 வயதாகாதவர்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை வழி உண்டு, காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய விஷயம்! வக்கீல்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? வாரக் கணக்கில் ஓடும் சட்டம் இது. தெரியாமல் கழியும் ஒவ்வொரு வாரமும் அவளுக்கு நஷ்டம்.

ஆகவே பதில் அவள் தேடுகிற இடத்துக்குப் போக வேண்டும். அரசு மகப்பேறு மருத்துவர் ஒருவர் நல்ல தமிழில் இரண்டு நிமிடம் பேசி இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் போடட்டும். பெயர் கேட்காமல், உறுப்பினராகச் சொல்லாமல், யாரும் பார்க்கும்படி இருக்கட்டும். பிள்ளையைப் பெற்றுக்கொள்ளப் போகிறவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை ஏன் என்று சொல்லட்டும். ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு என்றால் உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லட்டும். இதே நிலையைக் கடந்து வந்த பெண்கள், முகம் காட்டாமல், "படிப்பை இப்படித்தான் தொடர்ந்தேன்" என்று பேசட்டும். வாரம் ஒருமுறை செவிலியர் ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். திறப்பு விழாப் படங்களைப் போட நேரமிருக்கும் அரசுப் பக்கங்களுக்கு இதற்கா நேரமில்லை?

"அந்தரங்கம் வெளியே போய்விடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2022-ல், கருக்கலைப்பு வழக்கொன்றில் ஒரு தாயும் பதினேழு வயது மகளும் ஃபேஸ்புக்கில் பேசிக்கொண்டவை வாரண்டின் பேரில் போலீஸ் கைக்குப் போயின. அதனால்தான் தகவல் பொதுவில் இருக்க வேண்டும், அவளுடைய கதை பொதுவில் இருக்கக் கூடாது. சொந்த விவரத்தை யார் கேட்டாலும் எழுதாதே என்பதே அந்தப் பக்கத்தின் முதல் பாடமாக இருக்கட்டும்.

"இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்பது இன்னொரு வாதம். 2007-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் நிறுத்தியதும் இந்த வாதத்தால்தான். ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும் பெண்ணை எந்த வீடியோ இனிமேல் கெடுக்கப்போகிறது? கலாசாரத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறவர்கள் உண்மையில் காப்பாற்றுவது மாத்திரை விற்பவனின் வியாபாரத்தைத்தான்.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மீம் பக்கம் நடத்தும் கல்லூரி மாணவர்களே, உங்கள் பக்கத்தைப் பார்க்கிறவர்களில் அந்தப் பெண்ணும் இருக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, தமிழ்நாடு மருத்துவ ஆலோசனை எண் 104. இன்றைக்குப் போடும் பத்து மீம்களுக்கு நடுவே இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை போடுங்கள்.