கைபேசியைக் குறை சொல்லாதீர்கள், டவர் கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வால்பாறையில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பழுதே இல்லாத கைபேசிகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"பேசிட்டிருக்கும்போதே கட் ஆகுது", "ரிங் போகுது, எடுத்தா சத்தமே வரலை", "போன் கையிலதான் இருக்கு, ஆனா எல்லைக்கு வெளியேன்னு சொல்லுதாம்" என்று எஸ்டேட்டுகளிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். கஸ்டமர் கேரில் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். போனை அணைத்துப் போடுங்கள், ஏரோபிளேன் மோடில் வைத்து எடுங்கள், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்யுங்கள் என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, "ஹேண்ட்செட்டில்தான் பிரச்சினை, கடையில் காட்டுங்கள்" என்று அனுப்பியிருப்பார்கள்.

இந்த யோசனைகள் தவறு என்று நான் சொல்லவில்லை. 4ஜி குரல் அழைப்பு என்ற அமைப்பு அணைந்து கிடந்தால் சில கம்பெனிகளில் கால் போகாது. மழையில் நனைந்த போனில் ஆன்டெனா இணைப்பு துருப்பிடித்திருக்கும். சிம் தேய்ந்திருக்கும். இவற்றைப் பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. வாடிக்கையாளரின் சிம்மை நன்றாக வேலை செய்கிற வேறு போனில் போட வேண்டும். அவருடைய போனில் வேறு கம்பெனி சிம்மைப் போட வேண்டும். கோளாறு போனோடு போகிறதா, சிம்மோடு போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சிம்மோடு போனால் புது சிம் வாங்கிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் கட் ஆனால் கோளாறு டவர் பக்கம்தான்.

கடந்த மழைக்காலத்தில் தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். மகள் திருப்பூரில் வேலை பார்க்கிறாள், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அறுந்துபோகிறது என்றார். சிம்மை ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தார். அந்தப் புது சிம்மை என் போனில் போட்டேன், அதே கதைதான். அவருடைய போனில் வேறு கம்பெனி சிம்மைப் போட்டு மகளைக் கூப்பிட்டோம், தெளிவாகப் பேசினார். "அப்ப புதுப் போன் வாங்க வேண்டாமா தம்பி?" என்று கேட்டார். அதற்காகக் கைமாற்று வாங்கிய பணம் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது. வேலைக்குப் போகாமல் வந்ததால் அன்றைய கூலியும் போயிற்று. இதைக் கஸ்டமர் கேரிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்: "உங்கள் பகுதி டவரில் கோளாறு, இன்ன நாளுக்குள் சரியாகும்." அந்த ஒரு வரியைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

பேட்டரி நிற்கவில்லை என்று வருகிறவர்களிடமும் இதையே பார்க்கிறேன். பக்கத்து டவர் நின்றுபோனால் போன் தூரத்து டவரைத் தேடிப் பிடித்து, தன் முழுச் சக்தியையும் செலவழித்துப் பேசும். காலையில் சார்ஜ் ஏற்றினால் மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். இதற்குப் பேட்டரியை மாற்றி என்ன பயன்? மலையில் மின்சாரம் போனால் டவர் தன் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். அது தீர்ந்த பின் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசல் ஊற்ற ஆள் வரவில்லை என்றால், எஸ்டேட் லைன் வீடுகளில் உள்ள எல்லாப் போனும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும்.

இதெல்லாம் அரசாங்கக் கணக்கில் ஏன் வருவதில்லை? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நூறு அழைப்புகளில் இரண்டுக்கு மேல் அறுபடக் கூடாது என்று அளவு வைத்திருக்கிறது. முன்பு ஒரு மாநிலம் முழுவதற்கும் சராசரி பார்த்தார்கள். சென்னையின் நல்ல சிக்னல் எங்கள் மலையின் குறையை மூடிவிட்டது. 2017-இல் அதை மாற்றி, நூற்றுக்குத் தொண்ணூறு டவர் அலகுகளாவது, நூற்றுக்குத் தொண்ணூறு நாட்களாவது அந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். முன்னேற்றம்தான். ஆனால் மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்கில் யார் இருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமா? வால்பாறை, கொல்லிமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை எல்லாம் சேர்ந்தும் அந்தப் பங்குக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சிக்னல் போனவுடன் அழைப்பு அறுவதில்லை. கம்பெனி வைத்திருக்கும் காத்திருப்பு நேரம் முடிந்த பிறகே அறும். இதற்கு ரேடியோ லிங்க் டைம்அவுட் என்று பெயர். அந்த நேரத்தை நீட்டி வைத்தால் குரல் போய்விடும், வினாடி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நாம் "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்துவிட்டு நாமே கட் செய்வோம். கணக்கில் அது வாடிக்கையாளர் முடித்துக்கொண்ட அழைப்பாகவே பதிவாகும். டிராய் அறியாத விஷயமல்ல இது.

நஷ்டஈடு கொடுக்க ஒரு முயற்சி நடந்தது. அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று ரூபாய் வரை என்று டிராய் 2015-இல் விதி செய்தது. 2016 ஜனவரி 1 முதல் அமலாக வேண்டிய அந்த விதியை அதே ஆண்டு மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யார் தவறு என்று பார்க்காமல் கம்பெனியை மட்டும் பொறுப்பாக்க முடியாது, வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்களும் உண்டு என்பது தீர்ப்பின் முக்கியமான வாதம். சரி, யார் தவறு என்று பார்க்கத்தான் வேண்டும். அதற்கான பதிவேடு யாரிடம் இருக்கிறது? எந்த டவர் எந்த நேரத்தில் நின்றது, எத்தனை அழைப்பு அறுந்தது என்பதெல்லாம் கம்பெனியின் கணினியில் இருக்கின்றன. தேயிலைக் கூடை சுமக்கிறவரிடம் இல்லை. பதிவேட்டை வைத்திருப்பவர் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு எதிராளியிடம் நிரூபணம் கேட்பது அநியாயம்.

எங்கள் ஊரில் இது வெறும் பேச்சுச் சங்கடம் அல்ல. யானை வருகிறது என்று முன்கூட்டிச் சொல்ல, வனத்துறையோடு சேர்ந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஒரு ஏற்பாட்டைச் செய்து வருகிறது. குறுஞ்செய்தி வரும், தமிழில் குரல் அழைப்பு வரும், கைபேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகள் தூரத்திலேயே தெரியும். இதற்காக அதன் ஆய்வாளர் ஆனந்த குமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. உலகம் பாராட்டிய அந்த ஏற்பாடு முழுக்க நிற்பது டவரை நம்பித்தான். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதும் அப்படியே. இரவில் பிரசவ வலி எடுத்தால் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி, சிறுத்தை நடமாடும் பாதையில் போக வேண்டியிருக்கிறது.

ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் நிவாரணம் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. மாவட்டம் என்றால் எங்களுக்குக் கோயம்புத்தூர். 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் ஒரு எஸ்டேட்டில் டவர் நின்றால் கோவைக்கு என்ன தெரியும்? நிவாரணத்தைத் தாலுகா அளவில், டவர் அளவில் கணக்கிட வேண்டும். குரலற்று நீளும் அழைப்புகளையும் அறுந்தவையாகவே எண்ண வேண்டும். புகார் சொல்கிறவருக்கு, போனைக் குடைவதற்கு முன்பு, அவருடைய பகுதி டவரின் அன்றைய நிலையைச் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். டிராயும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புகார் செய்தால் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லுங்கள். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புதுப் போன் வாங்குவதற்கு முன்பு, பக்கத்து வீட்டுக்காரரின் வேறு கம்பெனி சிம்மை ஒருமுறை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கைபேசி சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
வால்பாறை.