நாலே தந்தியில் மோகனம்

நம்மில் எத்தனையோ பேர் சின்ன வயசில் சரளி வரிசை, ஜண்டை வரிசை பாடியவர்கள்தான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனை பாடியதோடு சரி. அப்புறம் தாலாட்டைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்க நேரம் ஏது? என் கதையும் அதுதான். நாற்பத்து மூன்று வயதில் என்னை மறுபடி சங்கீதத்தின் பக்கம் இழுத்தது ‘யுகுலேலே’ என்ற குட்டி வாத்தியம். ஹாஸ்டலுக்குப் போன மகன் அலமாரி மேல் போட்டுவிட்டுப் போனது!

பார்க்க கிதாரின் கைக்குழந்தை மாதிரி இருக்கும். போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து 1879-இல் ஹவாய்க்குக் கப்பலேறிப் போன கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள், தங்கள் ஊரின் சின்னத் தந்தி வாத்தியத்தையும் கொண்டு போனார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இது.

புதிதாக வாங்குவதானால் 21 அங்குல ‘சொப்ரானோ’ அல்லது 23 அங்குல ‘கான்ஸர்ட்’ போதும். நைலான் தந்தி என்பதால் கம்பியைப் போல விரலை அறுக்காது.

முதலில் சுருதி சேர்க்க வேண்டும். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதை முதல் தந்தி என்று வைத்துக்கொண்டால் ஜி, சி, இ, ஏ என்று வரும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ட்யூனரைப் பார்த்து முறுக்கலாம். புதுத் தந்தி சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். வாத்தியம் கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள்.

இப்போது ஒரு வேடிக்கை. ‘சி’ என்பது நம்முடைய ஒரு கட்டை. அதை ஸட்ஜமாக வைத்தால் நாலு தந்தியும் ப, ஸ, க, த! மோகனத்துக்கு ரி மட்டும்தானே பாக்கி? இப்படி வாசியுங்கள்:

ஸ – 2-ஆம் தந்தி, விரல் வைக்காமல்
ரி – அதே தந்தி, 2-ஆம் மெட்டு
க – 3-ஆம் தந்தி, விரல் வைக்காமல்
ப – அதே தந்தி, 3-ஆம் மெட்டு
த – 4-ஆம் தந்தி, விரல் வைக்காமல்
மேல் ஸ – அதே தந்தி, 3-ஆம் மெட்டு

மெட்டின் மேலேயே அழுத்தாமல், அதற்குச் சற்று முன்னால் அழுத்தினால் நாதம் சுத்தமாக வரும். கடைசியில் சொன்ன மேல் ஸ-வில் மோதிர விரலை வைத்தபடியே நாலு தந்தியையும் சேர்த்து வருடினால், அதுதான் ‘சி கார்டு’. மேல்நாட்டுப் பாட்டுக்கு முதல் படி அது.

சில யோசனைகள்: இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பாத்திரம் தேய்த்த கையோடு உட்காராதீர்கள். ஈரத்தில் ஊறிய விரல் நுனி சீக்கிரம் வலிக்கும். முதலில் பத்து நிமிஷம் போதும். ஓரிரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும். குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கும் இளம் தாய்மார்கள், அது ஆறும்வரை வாசிக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாத்தியத்தை எடுக்கவே கூடாது!

“இந்த வயசில் என்ன டொய்ங் டொய்ங்?” என்று வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டுமே. நமக்கு மார்க் போட இப்போது யாரும் இல்லை. பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாசிக்கிறோம். பத்தாவது நாள் என் மாமியார் பூஜை அறையிலிருந்து, “மோகனமாடி அது?” என்றார். இப்போது நான் வாசிக்க, அவர் ஸ்வரம் பாடுகிறார்.