இயந்திர அறையில் இருப்பவர் காட்சிப்பொருளா?

மூழ்கிய கப்பல்களைக் காணச் சுழியோடுவதை நான் எதிர்ப்பவன் அல்லன். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி அதற்குப் பெயர்போனது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு நன்னீரில் இல்லை. ஏரியின் ஆழத்துக் குளிரில் எதுவும் எளிதில் அழிவதுமில்லை.

மனித உடலும் அழிவதில்லை என்பதுதான் பிரச்சினை. 1927 டிசெம்பரில் ஐல் றோயல் தீவருகே கனடியக் கப்பலான கம்லூப்ஸ் மூழ்கியது. கரையேறிய சிலரும் குளிரில் மாண்டனர். 1977இல் சுழியோடிகள் கப்பலைக் கண்டுபிடித்தனர். அதன் இயந்திர அறையில் ஒரு பிரேதம் இருந்தது. கொழுப்பு சவர்க்காரம்போல் இறுகியதால் உருக்குலையாத உடல். அதற்குப் பட்டப்பெயர் சூட்டி, அதைக் காணவென்றே ஏறத்தாழ 200 அடி ஆழம் இறங்கியவர்கள் உண்டு.

'நாங்கள் எதனையும் தொடுவதில்லை' என்கிறார்கள். செத்தவீட்டுக்குள் அழையாமல் நுழைந்து படமெடுப்பவனும் இதையே சொல்வான். (எமது பத்திரிகைத் தொழிலிலும் அத்தகையோர் உளர்.)

அதே ஏரியில் 1975 நவம்பர் 10ஆம் திகதி 29 பேருடன் மூழ்கியது எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1994இல் அங்கு சென்ற குழுவொன்று ஓர் உடலைக் கண்டது, குடும்பத்தினர் கொதித்தெழுந்தனர். 1995இல் அவர்களது விருப்பப்படி கப்பலின் மணி மேலே எடுக்கப்பட்டு, 29 பெயர்களும் பொறித்த வேறொரு மணி கீழே வைக்கப்பட்டது. 2006இல், அனுமதியின்றி அங்கு சுழியோடலாகாது என ஒன்ராறியோ விதித்தது.

கம்லூப்ஸ் மாலுமிக்காகக் குரலெழுப்பும் உறவினர் அருகிப்போயிருக்கலாம். அதனால் அவர் வேடிக்கைப்பொருள் ஆகிவிடுவாரா? கப்பலைச் சுற்றிப் பாருங்கள், தடையில்லை. அந்த அறையின் வாயிலை மட்டும் தேசியப் பூங்கா நிருவாகம் அடைத்துவிடட்டும்.