துப்பாக்கி மைதானத்திலேயே இருக்கட்டும், பிள்ளைகள் ஸ்கூட்டரில் வரட்டும்



பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருக்குக் களிமண் தட்டு சுடும் விளையாட்டில் ஆசை வந்துவிட்டது. கார் இல்லை. தவணையில் வாங்கிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்தான் இருக்கிறது. "சார், லைசென்ஸ் வாங்கிட்டா ஷாட்கன்னை ஸ்கூட்டர்லயே கொண்டு போலாமா?" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்லும் பதில் நாலு பேருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சட்டப்படி கொண்டு போகலாம். ஆனால் வேண்டாம் என்பதே என் கருத்து. அதைவிட முக்கியம், அப்படிச் சுமந்து போக வேண்டிய நிலையே அவருக்கு வரக்கூடாது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. அந்தக் காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் இந்தத் தட்டு. பெயர்தான் களிமண். இப்போது சுண்ணாம்புக்கல் தூளையும் தார் போன்ற பொருளையும் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. ஓர் இயந்திரம் அதை மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் எறியும். இடமா, வலமா, நேரா என்று சுடுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒலிம்பிக்கில் இதன் ஒரு வகைக்கு 'டிராப்' என்று பெயர். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். கண்ணும் கையும் மனமும் ஒரே நொடியில் சேர வேண்டிய அருமையான விளையாட்டு.

ஆனால் இதை ஊருக்குள் நடத்த முடியாது. தட்டே 76 மீட்டர் பறக்கும். துப்பாக்கியிலிருந்து சிதறும் ஈய ரவைகள் அதையும் தாண்டிப் போய் விழும். ஈயம் நஞ்சு. நம் பக்கத்துச் சமவெளியில் எந்தத் திசையில் போனாலும் ஒரு கண்மாய் இருக்கிறது. அதில் மாடு தண்ணீர் குடிக்கிறது, கொக்கும் நாரையும் மேய்கின்றன. ஆகவே வீடு, வயல், நீர்நிலை மூன்றும் இல்லாத வெட்டவெளி வேண்டும். மைதானம் ஊருக்கு வெளியே, துப்பாக்கி ஊருக்குள் வீட்டுப் பீரோவில். இடையில் உள்ள சாலைதான் நம் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இதற்கு அடிப்படை. உரிமம் பெற்ற துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டு போகும்போது, அதற்கென்று செய்த உறையில், வெளியே துளியும் தெரியாமல் மூடியிருக்க வேண்டும். எடுத்துப் போகிறவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். கார், ஸ்கூட்டர் என்று அந்த விதி பிரித்துப் பேசவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 250 வாட்டுக்கு மேல் போகாத, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மின்சார வண்டியை ஓட்ட லைசென்ஸே தேவையில்லை. அதே வண்டியில் ஏற்றும் துப்பாக்கிக்கு 21 வயது நிரம்பி, காவல்துறை விசாரணை முடிந்து உரிமம் வர வேண்டும்.

அந்த விதியில் 'கட்டுப்பாடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். என் தயக்கமெல்லாம் அங்கேதான்.

நம் ஊரில் டிவிஎஸ் 50இல் ஏற்றாத பொருள் கிடையாது. கேஸ் சிலிண்டர், வாழைத்தார், ஆட்டுக்குட்டி எல்லாம் போகும். ஆனால் துப்பாக்கி அப்படிப்பட்ட சாமான் அல்ல. டிராப் துப்பாக்கி மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். பிரித்து வைத்தாலும் குழல் மட்டும் சுமார் 30 அங்குலம். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அடங்காது. கால் வைக்கும் இடத்தில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். முதுகில் மாட்டத்தான் வேண்டும். தோட்டாவும் சேர்ந்தால் சுமை இன்னும் கூடும்.

சரி, மாட்டிக்கொண்டு கிளம்பியாயிற்று. வழியில் டீக்கடையில் நிறுத்தினால் முதுகுச் சுமையை இறக்கி வைக்க முடியாது. சார்ஜ் தீர்ந்தால் துப்பாக்கியோடு வண்டியைத் தள்ள வேண்டும். இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது விபத்து. ரிங் ரோட்டில் ஒரு லாரி உரசி அவர் மயங்கி விழுந்தார் என்று வையுங்கள். கூட்டம் கூடும், 108 வரும், ஆளை ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும். அந்தப் பெட்டியை யார் எடுப்பது? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத நல்ல மனிதர் எடுத்து வைத்தாலும் ஆபத்து, தெரிந்தவன் எடுத்தால் அதைவிட ஆபத்து. உரிமையாளருக்கு நினைவு திரும்பும் வரை கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இல்லை. காரிலும் விபத்து நடக்கும்தான். ஆனால் பூட்டிய காரில் இருக்கும் பெட்டி ரோட்டில் வந்து விழாது.

இன்னொன்று ஊரின் மனசு. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, கைரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்ற மக்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தக் கதையைப் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். இந்த மண்ணில் துப்பாக்கியைப் பார்த்தால் யாருக்கும் விளையாட்டு ஞாபகம் வராது. பயம்தான் வரும். அந்தப் பயத்தை நாம் மதிக்க வேண்டும்.

"அப்படியானால் கார் இருக்கிறவன்தான் இந்த விளையாட்டை ஆட வேண்டுமா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதுவரை பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இந்தியாவுக்காக ஐந்து ஒலிம்பிக்கில் தட்டு சுட்ட கர்ணி சிங் பிகானேர் மகாராஜா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் இறங்கிய நம் பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் தொண்டைமான் இருந்த ஆண்கள் அணி தங்கம் வென்றது.

அதே ஹாங்சோவில் பெண்கள் அணி வெள்ளி வென்றது. அதில் இருந்த மனிஷா கீர் போபாலில் மீன் பிடித்துப் பிழைத்த ஒருவரின் மகள். ப்ரீத்தி ரஜக்கின் அப்பா மத்தியப் பிரதேசத்தில் சலவைக் கடை வைத்திருப்பவர். ப்ரீத்தி பின்னால் ராணுவத்தில் சேர்ந்து, 2024இல் இந்திய ராணுவத்தின் முதல் பெண் சுபேதார் ஆனார். இந்த வீடுகளில் லட்சக்கணக்கில் விலை போகும் துப்பாக்கிக்கு எங்கே போவது? அவர்களை வளர்த்தது போபாலில் அந்த மாநில அரசு நடத்தும் துப்பாக்கி சுடும் அகாடமி. அங்கே இடமும் பயிற்சியும் ஆயுதமும் அகாடமியுடையது. பிள்ளைகள் கொண்டு போக வேண்டியது ஆர்வம் மட்டும்தான்.

நான் கேட்பதும் அதையேதான். மதுரைச் சமவெளியில் ஒரு பொது மைதானம் வர வேண்டும். அங்கே இரண்டு பூட்டும் ஒரு பதிவேடும் காவலும் உள்ள ஆயுத அறை இருக்க வேண்டும். துப்பாக்கி மன்றத்தின் பெயரில் இருக்கும். காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, பயிற்சி முடிந்ததும் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்போது நம் மாணவர் தாராளமாக ஸ்கூட்டரில் போகலாம். சத்தமில்லை, புகையில்லை, முதுகில் பாரமுமில்லை.

ஒரே இடத்தில் வைத்தால் திருட்டுப் பயம் அதிகமில்லையா என்று சிலர் கேட்கலாம். ஐம்பது வீட்டுப் பீரோக்களைக் காப்பதைவிட ஓர் அறையைக் காப்பது சுலபம். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் வாங்கி வைக்கிறார்களே, அது நடக்கிற காரியம்தானே. செருப்பு மாதிரி துப்பாக்கியும் அவரவர் தோளுக்குப் பொருந்த வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது மாநிலப் போட்டி அளவுக்கு வளர்ந்த பிறகு வரும் தேவை. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, கட்டையை நீட்டிக் குறைக்கும்படி செய்த பொதுத் துப்பாக்கி போதும்.

என் மாணவர்களில் காவல்துறையில் இருக்கிறீர்கள், வக்கீல்களாக இருக்கிறீர்கள், விளையாட்டு ஆசிரியர்களாகவும் இருக்கிறீர்கள். இப்படி ஒரு மைதானத்துக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும், நீர்நிலை இல்லாத புறம்போக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மனுவைத் தமிழில் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

கேள்வி கேட்ட தம்பி, அதுவரை பொறுத்துக்கொள். துப்பாக்கி வாங்கும் காசை வங்கியில் போட்டு வை. ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டு.