டிரிக்கரை அணைப்பவர்களே, ஒரு நிமிஷம்

பொங்கலுக்கு வந்திருந்த அண்ணன் மகன் மடிக்கணினியில் மும்முரமாக இருந்தான். எட்டிப் பார்த்தேன். ஒரு டேபிளின் டிரிக்கரை அணைத்துவிட்டு லட்சக்கணக்கான வரிகளைத் திருத்தும் வேலை.

"ஆடிட் டிரிக்கர் ஓடினா விடிஞ்சிடும் சித்தப்பா. ஒரே டிரான்சாக்ஷனுக்குள்ளதான் அணைக்கிறேன். தப்பாப் போனா எல்லாம் பழையபடி ஆயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் முன்பு கடலூரில் நானும் இதையேதான் சொன்னேன்.

(தெரியாதவர்களுக்கு: டேபிளில் ஒரு வரி மாறியதும் தானாக ஓடும் சிறு நிரல்தான் டிரிக்கர். யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிய அதைத்தான் நம்பியிருப்போம்.)

தலைமை அலுவலகம் மஞ்சக்குப்பத்தில், கிளை சிதம்பரத்தில், டேட்டாபேஸ் ஆரக்கிள். ஒரு சாயங்காலம் வட்டிக் கணக்கைத் திருத்த டிரிக்கரை அணைத்தேன். பாதியில் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் எழுந்தபோது என் திருத்தங்கள் ரத்தாகி டேட்டா பழையபடி இருந்தது. அப்பாடா என்று வீட்டுக்குப் போய்விட்டேன். ஆரக்கிளில் டிரிக்கரை அணைக்கும் கட்டளை அந்தக் கணமே கமிட் ஆகிவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. டேட்டா திரும்பியது, டிரிக்கர் திரும்பவில்லை. பதினொரு நாள் யாரும் கவனிக்கவில்லை.

அந்த நாட்களில் சிதம்பரத்தில் ஒரு தவணை ரசீதின் தொகை மாறியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்கு மெமோ போனது. "நான் தொடவே இல்ல சார்" என்றார். அதை நிரூபிக்கவோ மறுக்கவோ பதிவில் ஒரு வரி கிடையாது. நடந்ததை நான் எழுதிக் கொடுத்த பிறகு மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். சக ஊழியர்கள் பார்த்த பார்வையை யார் திரும்பப் பெறுவது?

"போஸ்ட்கிரெஸ்ல அப்படி இல்ல சித்தப்பா" என்றான். உண்மைதான். அங்கே ரோல்பேக் செய்தால் டிரிக்கரும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் நீ முடிக்கும்வரை அந்த டேபிளில் வேறு யாரும் எழுத முடியாது. கவுன்ட்டரில் ஜனம் நிற்கும். இதைத் தவிர்க்க, செஷன் ரெப்ளிகேஷன் ரோல் என்ற அமைப்பை 'செட் லோக்கல்' போட்டு ரெப்ளிகா என்று மாற்றுகிறார்கள். அது அந்த டிரான்சாக்ஷனோடு போய்விடும், அடுத்தவருக்குத் தொந்தரவில்லை. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஃபாரின் கீ சோதனையும் உள்ளுக்குள் டிரிக்கராகவே ஓடுவதால் அதுவும் சேர்ந்து தூங்கிவிடும். இல்லாத உறுப்பினர் எண்ணுக்கு ரசீது போட்டாலும் ஏற்கும். விழித்த பிறகு, தூங்கியபோது நுழைந்த வரிகளைத் திரும்பிப் பார்க்காது.

டிரிக்கருக்குள்ளேயே ஒரு கேள்வி வைத்தால் என்ன? இந்த டிரான்சாக்ஷனில் 'மொத்தத் திருத்தம்' என்ற அடையாளம் இருக்கிறதா என்று அது பார்க்கட்டும். செட் கான்ஃபிக் ஃபங்ஷனின் மூன்றாவது மதிப்பை ட்ரூ என்று கொடுத்தால், டிரான்சாக்ஷன் முடிந்ததும் அடையாளம் போய்விடும். மற்றவர்களுக்கு டிரிக்கர் வழக்கம்போல் ஓடும். அடையாளத்தை எவரும் வைக்கலாம் என்பதால் பயனர் பெயரையும் சோதிக்க வேண்டும். யார் திருத்தினார், ஏன், எத்தனை வரி என்று ஆடிட் டேபிளில் ஒரு வரியாவது எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

"அதுக்கு ரெண்டு நாள் ஆகும், மேனேஜர் ஒத்துக்க மாட்டார்" என்றான். ரெண்டு நாள்தானேடா!

சிதம்பரம் போனால் கீழவீதியில் சில சமயம் அந்த அம்மாவைப் பார்ப்பேன். அவரும் ஓய்வு பெற்றாயிற்று. குடும்பம், உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டு, கிளம்பும்போது கேட்பார்: "அந்த ரசீதை யாரு மாத்தினாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியலையா சார்?"