இரவு இரண்டு மணிக்கு ஓர் அடுப்பு

தமிழ்நாடு அரசின் மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வேதாரண்யத்தை ஒட்டிய உப்பளக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தையல்காரி எழுதும் மடல்.

முதலில் நன்றி. என் மகனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. 2022 ஆகஸ்டில் சென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 2025 பிப்ரவரியில் கடைசி மாத்திரையை விழுங்கினான். அந்த இரண்டரை வருடத்தில் கீமோ மருந்துக்கோ, முதுகில் போட்ட ஊசிகளுக்கோ, ஏற்றிய பிளேட்லெட்டுக்கோ எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் காட்டினோம், எல்லாம் நடந்தது. இப்போது அவனுக்குத் தலைநிறைய முடி. காலையில்தான் என் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டத்துக்கு வால் வெட்டினான். இதையெல்லாம் மறந்துவிட்டு நான் குறை சொல்ல வரவில்லை.

அந்த அட்டைக்குள் வராத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த நாட்களில் நாங்கள் எங்கே படுத்தோம், எங்கே சமைத்தோம் என்பதை.

முதல் மாதம் முழுக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். நாலைந்து நாளில் பிள்ளைக்கு ஒரு பசி வரும் பாருங்கள், அதை நான் அதற்கு முன்னால் எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, சுடுசோறு. ரசம் ஊத்தி" என்பான். இல்லையென்றால் தலையணையைக் கடிப்பான், என்னையும் கடிப்பான். இஞ்ச் டேப் எப்போதும் என் பையில் கிடக்கும். சேர்த்த அன்று இடுப்பு 20 அங்குலம். மூன்றே வாரத்தில் 24. முகம் உப்பிக் கண் சிறுத்துவிட்டது. ஸ்டீராய்டை நிறுத்தியதும் மளமளவென்று இறங்கி 19-க்கு வந்தான். ஒரே கால்சட்டையை நான்கு தடவை பிரித்துத் தைத்தேன். நெஞ்சில் மருந்து ஏற்றும் போர்ட் வைத்த பிறகு, சட்டையைக் கழற்றாமலே சிஸ்டர் ஊசி குத்தும்படி தோள்பட்டையில் டிச் பட்டன் வைத்துக் கொடுத்தேன். வார்டில் மற்ற தாய்மார்களும் கேட்டார்கள். துணி வாங்கித் தந்தவர்களுக்கெல்லாம் கையாலேயே தைத்தேன்.

சட்டை தைக்கக் கை இருந்தது. சோறாக்க அடுப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு, அது வருகிற நேரத்துக்கு வரும். வெளியே தள்ளுவண்டி உண்டு, ஆனால் அங்கே வாங்கக் கூடாது. வெள்ளையணு கவுண்ட் 500-க்குக் கீழே போன பிள்ளைக்குப் புதிதாகச் சமைத்ததைச் சூடாறுமுன் கொடுக்கவேண்டும், தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கவேண்டும், பழமென்றால் தோல் உரிக்கிற பழம். டாக்டரம்மா பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நானும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். எங்கே வைத்துச் சமைப்பது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. பிளாஸ்க் வெந்நீரில் அவலை ஊறவைத்துக் கொடுத்து ஒரு மாதத்தை ஓட்டினேன்.

என் வீட்டுக்காரர் பதினோரு இரவு எதிர்ச்சாரியில் மூடிக் கிடந்த ஒரு கடையின் சார்ப்பில் படுத்தார். வார்டில் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள்தான், இரவில் பெண்கள் மட்டும். அந்த விதியில் தப்பில்லை, நாங்கள் உடை மாற்றுவதும் அங்கேதானே. பகலில் பாஸ் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் வருவார். உப்பு வாரி வாரிக் கை முழுக்க வெடிப்பு. வாசலில் கைக்கு ஊற்றும் மருந்து அந்த வெடிப்புகளில் இறங்கி எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பார். உள்ளே வந்தும் பிள்ளையைத் தொடப் பயந்து, கட்டில் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். பன்னிரண்டாம் நாள் ஊருக்குப் போய்விட்டார். மழைக்கு முன்னால் உப்பு வாரி முடிக்கவேண்டும். அவர் கூலிக்குப் போகாவிட்டால் எங்கள் நால்வரில் யாருக்கும் சோறில்லை.

நால்வர் என்றேன். மகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வார்டில் இருந்த நாட்களிலும் அவள் இப்படித்தான் கடைசியில் நினைவுக்கு வந்தாள், அது என்னை இன்னும் அறுக்கிறது. அப்போது ஆறாம் வகுப்பு. அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். மகனை முதுகு ஊசிக்கு உள்ளே கூட்டிப்போயிருந்த ஒரு காலையில் போன் வந்தது. பெண் பெரியவளாகிவிட்டாள். அம்மாச்சி பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து, உளுந்தங்களி கிண்டி, செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டார்கள். மகள் போனை வாங்கி, "தம்பிக்கு ஊசி போட்டாச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஊருக்குப் போய் அவள் தலையில் எண்ணெய் வைக்க நாலு மாதம் ஆயிற்று.

அமைச்சர் அவர்களே, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்கள்தான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அங்கே தலைக்குமேல் கூரை உண்டு, கூப்பிட்டால் சிஸ்டர் வருவார்கள். டிஸ்சார்ஜ் என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குத் திக்கென்றது. பிள்ளை வார்டில் இருக்கத் தேவையில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டே கேரில் ஊசி. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியாகவேண்டும். எங்கள் ஊர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். மெயின்டனன்ஸ் என்று வீட்டிலிருந்தே மாத்திரை தின்னும் காலம் வரும்வரைக்கும், மாதக்கணக்கில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தான் கிடக்கவேண்டும்.

அதன் அர்த்தம் எனக்கு 2023 பொங்கலில் விளங்கியது. கவுண்ட் நன்றாக இருக்கிறது, மூன்று நாள் போய் வாருங்கள் என்று அனுப்பினார்கள். மாட்டுப்பொங்கல் இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் 101. 108-ஐ அழைத்தோம், வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. வழியில் இரண்டு ஆஸ்பத்திரியில் நிறுத்தினோம். இரண்டிலும் இளம் டாக்டர்கள். ஃபைலைப் புரட்டிப் பார்த்து, இந்தப் பிள்ளையை நாங்கள் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்து, நேராகச் சென்னைக்கே கொண்டுபோகச் சொன்னார்கள். காலை எட்டரைக்குச் சேர்ந்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. ஐசியூவில் ஆறு நாள். அந்த டாக்டர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் ஒரு தாள் இருந்திருக்கவேண்டும். "இந்தப் பிள்ளைக்குக் கீமோ நடக்கிறது. காய்ச்சலென்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் இன்ன மருந்தை, இன்ன அளவில், கை நரம்பிலேயே முதலில் போடுங்கள். பிறகு இந்த எண்ணில் எங்களிடம் பேசுங்கள்" என்று எழுதி, சிகிச்சை செய்யும் டாக்டர் கையெழுத்திட்ட ஓர் அட்டை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த பதினொரு மருத்துவக் கல்லூரிகளில் எங்கள் நாகப்பட்டினமும் ஒன்று. இப்படி ஓர் அட்டையை மதிக்கும்படி எல்லா மாவட்ட மருத்துவமனைக்கும் உங்கள் துறை ஓர் உத்தரவு போட்டால், வழிநெடுக எங்கள் பிள்ளைகளுக்கு ஆள் இருப்பார்கள்.

ஐசியூவிலிருந்து வெளியே வந்ததும் தோட்டை அடகுவைத்து ஓர் அறை தேடினேன். மொட்டைத் தலையையும் மூக்கை மூடிய மாஸ்க்கையும் பார்த்து, "தொத்துமா?" என்று கேட்டார்கள். தொத்தாது என்றேன். மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நாலாவது வீட்டுப் பாட்டி, "எம் பேரன் வயசுதானே" என்று உள்ளே விட்டார். பத்துக்கு எட்டு அறை. ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர். அதன்பின் இன்னொரு சுற்று ஸ்டீராய்டு வந்தது. அதே பசி, அதே இரண்டு மணி. எழுந்து அரிசியைக் களைந்துபோட்டேன். ரசம் நுரை கட்டும்போது பிள்ளை அடுப்பின் பக்கத்தில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டுவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனான். அந்த இரவில் அவன் யாரையும் கடிக்கவில்லை. கோடை விடுமுறையில் மகளும் வந்தாள், வீட்டுக்காரரும் ஒரு வாரம் வந்தார். சுவரோடு சுவராக நாலு பேரும் படுத்தோம். அடகுவைக்க என்னிடம் தோடு இருந்தது. எல்லாத் தாயிடமும் இருக்காது.

வார்டில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் மலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பிள்ளை என் மகனைவிட ஒரு வயது சிறியவன், அதே நோய், அதே மருந்து. மருந்து நன்றாகவே கேட்டது. முதல் மாத முடிவில் நோய் அடங்கிவிட்டது என்றார்கள். ஊரில் இன்னும் இரண்டு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. டிஸ்சார்ஜ் ஆனதும் இரண்டு நாளில் வருகிறோம் என்று போனார்கள். திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனையோ தடவை போன் போட்டுப் பார்த்தார்கள். இப்படிப் போகிறவர்களைச் "சிகிச்சையைக் கைவிட்டவர்கள்" என்று கணக்கில் எழுதுவார்களாம். அந்தத் தாய் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியதை நான் பார்த்தேன். அந்தச் சொல்லை அவள் பெயருக்கு நேரே எழுத என்னால் முடியாது.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்குமேல் பிழைக்கிறார்கள். உலகம் முழுவதும் 2030-க்குள் குறைந்தது அறுபது பேராவது பிழைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது. மருந்து நம்மிடமும் உண்டு. வாரம் ஒருமுறை என் மகன் தின்ற மெத்தோட்ரெக்சேட் மாத்திரையின் ஆராய்ச்சியில் பெரும்பங்கு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவுக்கு உண்டு என்று ஒரு டாக்டர் சொன்னார். அவன் நரம்பில் ஏறிய வின்கிறிஸ்டின் எங்கள் கடற்கரை மணலில் தானாகப் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுத்தது. இவ்வளவு பக்கத்தில் மருந்தை வைத்துக்கொண்டு, படுக்க இடமில்லாததால் ஒரு பிள்ளை போய்விடுவதை நான் எப்படிப் பொறுப்பது?

பிள்ளைகளின் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் நடந்துபோகும் தூரத்தில் ஓர் இல்லம் வேண்டும். குடும்பத்துக்கு ஓர் அறை. அப்பாவும் படுக்கலாம், அக்காவும் வந்து தங்கலாம். பொதுச் சமையலறையில் ஆளுக்கோர் அடுப்பு, எந்த நேரமும் பற்றவைக்கும்படி. இப்படி முடியும் என்பதற்குச் சான்று உண்டு. செயின்ட் ஜூட் இந்தியா என்ற அமைப்பு 2006-ல் மும்பையில் தொடங்கி இதைத்தான் இலவசமாகச் செய்கிறது, சென்னையிலும் செய்கிறது. ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் தாங்குவது தொண்டு நிறுவனங்களின் பொறுப்பாக இருக்கக் கூடாது. ரயிலில் எங்கள் பிள்ளைக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, கூட வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. வந்து இறங்கியபின் என்ன என்று யாராவது யோசிக்கவேண்டும்.

கூலியையும் யோசியுங்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் அரசு நிதி தருகிறது. காசநோயாளிக்குச் சாப்பாட்டுக்கென்று 2018-ல் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி இப்போது 1,000 ஆக்கியிருக்கிறார்கள். மருந்து இலவசமானாலும் அடுப்பெரிய வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாததில்லை. அந்த முத்துலட்சுமி அம்மையாரே தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான். அந்தத் துக்கம்தான் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அவர் பெயரால் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு மாதத் தொகை, தீவிர சிகிச்சை நடக்கும் மாதங்களுக்காவது, ஒதுக்குங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகனைப் பரிசோதனைக்குக் கூட்டிவருகிறேன். திருவாரூரில் இரவு ரயில் ஏறினால் விடியுமுன் சென்னை. எட்டு மணிக்குத்தான் ஓ.பி. சீட்டு. அதுவரை எதிர்ச்சாரியில் அதே கடைச் சார்ப்பில் உட்கார்ந்திருப்போம். புதிதாக வந்த அப்பாக்கள் துண்டை விரித்து அங்கே படுத்திருப்பார்கள். ஒருநாள் காலை ஐந்து மணிக்கு நீங்களும் வாருங்கள். யாரை எழுப்பிக் கேட்டாலும் எந்த வார்டு, இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று சொல்வார்கள். என் மகனுக்கு இப்போது தொப்பி தேவையில்லை. ஆனாலும் வெட்டி மிஞ்சிய பருத்தித் துணியில் ஒவ்வொரு தடவையும் பதினைந்து இருபது தொப்பி தைத்து எடுத்துவருகிறேன். அந்தப் பையை வைத்து என்னை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இப்படிக்கு,
வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு தாய்