தீர்ப்புக்கு முன்னே கைதியை மாற்றிவிடும் அரசு

பல் மருத்துவரிடம் அழைத்துப் போகத்தான் அத்தனை ஏற்பாடும். அறைக் கதவில் உள்ள திறப்பு வழியே கைதி முதலில் கால்களை நீட்ட வேண்டும், சங்கிலி பூட்டுவார்கள். கண்ணுக்கு வெளிச்சம் புகாதபடி அடைத்த கண்ணாடி, காதுக்கு ஓசை புகாத கவசம். கூட நடக்கும் காவலர்களின் முகம் தலைக்கவசத்துக்குள் மறைந்திருக்கும். தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டன் கடற்படைச் சிறையில் எடுத்த இந்தக் காட்சிகள் 2006 டிசம்பரில் வெளியாயின. கைதியின் பெயர் ஹோசே படில்லா. நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அமெரிக்கக் குடிமகன்.

மதுரையில் ஆட்கொணர்வு மனு போட்டே தொழிலை ஓட்டிய வக்கீல் நான். படில்லா வழக்கின் தேதிகளைப் படித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது சங்கிலி அல்ல, அந்தத் தேதிகளின் வரிசைதான்.

2002 மே 8 அன்று சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் அவரை எஃப்.பி.ஐ. பிடித்தது, சாட்சி என்ற பெயரில். அந்தக் காவல் செல்லுமா என்று நியூயார்க் நீதிமன்றம் ஜூன் 11 அன்று கேட்க இருந்தது. இரண்டு நாள் முன்பு, ஜூன் 9 அன்று, அதிபர் புஷ் அவரை 'எதிரிப் போராளி' என்று அறிவித்து ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டார். கதிரியக்கக் குண்டு வைக்க வந்தவர் என்று மறுநாள் அட்டர்னி ஜெனரல் மாஸ்கோவிலிருந்து உலகத்துக்கே சொன்னார். குற்றப்பத்திரிகை மட்டும் இல்லை. ஏறக்குறைய 21 மாதம் வக்கீலையும் பார்க்க விடவில்லை. நம் ஊர் குண்டர் சட்டத்தை நான் நல்ல சட்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதில்கூட ஐந்து நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும், அறிவுரைக் கழகம் என்று ஒன்று உண்டு.

படில்லா வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 2004 ஜூன் 28 அன்று, மனுவை நியூயார்க்கில் போட்டது தவறு, தென் கரோலினாவில் போட்டிருக்க வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். கைதியை அங்கே கொண்டுபோனதே அரசுதான்! மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றக் கதவை இரண்டாம் முறை தட்டினார்கள். அரசு பதில் சொல்ல வேண்டிய வேளை வந்தது. அதற்குள் நவம்பரில் மயாமி நீதிமன்றத்தில் சாதாரணக் குற்றவியல் வழக்கு போட்டுவிட்டார்கள். அதில் கதிரியக்கக் குண்டு பற்றி ஒரு வரி இல்லை. உச்ச நீதிமன்றத்தைத் தவிர்க்கத்தான் இப்படிச் செய்கிறீர்களோ என்ற எண்ணம் வருகிறதே என்று கடிந்துகொண்டவர், மூன்று மாதம் முன்பு அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதிய அதே நீதிபதி லுட்டிக்.

எங்களுக்கு இது பழகிய ஆட்டம். மனு விசாரணைக்கு வரும் காலையில் அரசுத் தரப்பு எழுந்து, "காவல் ஆணையை ரத்து செய்துவிட்டோம், மை லார்ட்" என்பார்கள். மனு பலனற்றதாகிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். கட்சிக்காரர் வீட்டுக்குப் போவார், அவர் அம்மா கும்பிடுவார். அவரை உள்ளே போட்டது சரியா என்ற கேள்வி கேஸ் கட்டோடு பரண் ஏறிவிடும்.

படில்லாவோடு இது நிற்கவில்லை. படிக்க வந்த கத்தார் நாட்டவர் அலி அல்-மர்ரியை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதே சார்ல்ஸ்டனில் வைத்திருந்தார்கள். 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்றது. 2009 பிப்ரவரியில் அவர் மீதும் சாதாரண வழக்கு. இம்முறை ஆட்சியில் இருந்தவர் ஒபாமா. அமெரிக்க, சவூதி குடியுரிமை இரண்டும் உள்ள ஒருவரை 2017 செப்டம்பர் முதல் ஈராக்கில் ராணுவக் காவலில் வைத்து, 13 மாதம் கழித்து பஹ்ரைனில் இறக்கிவிட்டது டிரம்ப் அரசு. கட்சி எதுவானாலும் காய் நகர்த்தல் ஒன்றே.

யாசர் ஹம்தி வழக்கில் மட்டும் 2004-இல் ஒரு பதில் கிடைத்தது, அதுவும் பாதி. ஆப்கானிஸ்தான் போர்க்களத்தில் பிடிபட்ட குடிமகனை வைத்திருக்கலாம், ஆனால் நடுநிலையான ஒருவர் முன் மறுத்துப் பேச வாய்ப்பு தர வேண்டும் என்றது நீதிமன்றம். பழமைவாதி ஸ்காலியாவோ, குடிமகன் என்றால் வழக்குப் போடு, இல்லையேல் நாடாளுமன்றம் ஆட்கொணர்வு உரிமையை முறைப்படி நிறுத்தி வைக்கட்டும் என்று தனியாக எழுதினார். எனக்கு அவரோடு ஒத்துப்போகும் இடங்கள் குறைவு. இதில் அவர் சொன்னதே சரி.

உள்நாட்டில் பிடித்த குடிமகன் கதை என்ன? நாடாளுமன்றம் சொல்லியிருக்கலாம். 2011 டிசம்பர் 31 அன்று ஒபாமா கையெழுத்திட்ட பாதுகாப்புச் சட்டத்தின் 1021-ஆம் பிரிவு ராணுவக் காவலை உறுதி செய்துவிட்டு, குடிமக்கள் விஷயத்தில் இப்போதுள்ள சட்டம் மாறாது என்று நழுவியது. இப்போதுள்ள சட்டம் எது என்பதுதானே வழக்கே! மறு ஆண்டு ஃபைன்ஸ்டைன், மைக் லீ என்ற எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள் கொண்டுவந்த திருத்தம் 67-க்கு 29 என்று செனட்டில் வென்றது. அமெரிக்க மண்ணில் பிடிபட்ட குடிமக்களையும் பச்சை அட்டைக்காரர்களையும் வழக்கின்றி அடைக்கக் கூடாது என்றது அது. இரு அவைகளின் சமரசக் குழுவில் அதைச் சத்தமில்லாமல் உருவிவிட்டார்கள். பிறகு தனி மசோதாவாகப் பலமுறை வந்தும் சட்டமாகவில்லை.

பயங்கரவாதியை விட்டுவிடச் சொல்கிறாயா என்று கேட்பவர்களுக்கு, படில்லா உத்தமர் என்று நான் வாதாடவில்லை. மயாமி ஜூரி 2007-இல் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை பின்னர் 21 ஆண்டாக உயர்ந்தது. சாதாரண நீதிமன்றத்தால் முடிந்த வேலைதான் அது. நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று மில்லிகன் வழக்கில் 1866-லேயே சொல்லிவிட்டார்கள். அப்படியிருந்தும் 1942-இல் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை ராணுவ ஆணைப்படி வெளியேற்றி முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் குடிமக்கள். 1988-இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் போட்டார்கள்.

என் அக்கா மகன் டல்லாஸில் குடியுரிமை பெற்றவன். அவனைப் போல ஓட்டுரிமை உள்ள நம்மவர்கள் அங்கே நிறையப் பேர். ஓட்டுக் கேட்டு வரும் செனட்டரிடம் வரியையும் விசாவையும் பற்றிக் கேட்பதோடு, வழக்கின்றி அடைப்பதைத் தடுக்கும் அந்த மசோதாவுக்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்றும் கேளுங்கள். விசாவில் இருப்பவர்களையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அல்-மர்ரி மாணவராகத்தான் போயிருந்தார்.